சித்திரக்காரரும் வாடிக்கைக்காரரும்

நெசவாளர் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளில் சிலர் இன்று தறியில் உட்காராமல், தறிக்கு வேண்டிய சித்திரங்களை வரைந்து கொடுப்பதையே தனித் தொழிலாகக் கொண்டிருக்கிறார்கள். முந்திக்கும் கரைக்கும் டிசைன் போடுவது, மணமக்களின் பெயர்கள் ஜரிகையில் வரும்படி அமைப்பது, கோபுரத்தையோ குடும்பத்தார் உருவத்தையோ நெய்வதற்கேற்பக் கட்டம் பிரித்துக் கொடுப்பது ஆகியவை இவர்கள் செய்யும் வேலை. இவர்கள் எவரிடத்தும் மாதச் சம்பளத்துக்கு இல்லை. வேலை கொடுப்பவர் ஒருவர், செய்து கொடுப்பவர் ஒருவர். இடையில் மேஸ்திரியும் இல்லை, சங்கமும் இல்லை. இந்தச் சுதந்திரம் விரும்பத்தக்கதே. ஆனால் இருவருக்கும் மனத்தாங்கல் உண்டாகும்போது இடையில் நின்று பேசவும் ஆள் இல்லாமற் போகிறது.

இவ்வகை மனத்தாங்கல்கள் சில காலமாக நம் செவிக்கு அடிக்கடி எட்டுகின்றன. "வாடிக்கைக்காரர் மோசமானவர்" என்பதே எல்லோரும் சொல்லும் வார்த்தை. மோசமான வாடிக்கைக்காரர் உலகில் இல்லாமல் இல்லை. ஆயினும், நாம் விசாரித்தறிந்த விவகாரங்களில் பெரும்பாலானவற்றில், அவர் முதல் நாளன்று மோசமானவராக இருக்கவில்லை. மூன்றாம் மாதத்தில்தான் அப்படி ஆனார். அவரை அவ்வாறு ஆக்கியது எது என்பதையே இங்கே ஆராய விரும்புகிறோம்.

நம் அங்கத்தினர் ஒருவருடைய மகனின் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். ஜவுளிக் கடைக்காரர் ஒருவர் அவரைத் தொலைபேசியில் அழைத்து, கல்யாணச் சேலைக்கு ஒரு டிசைன் வேண்டும், முந்தியில் மயில் இருக்க வேண்டும், மற்றவை உம் இஷ்டம் என்றார். கூலி 8,000 ரூபாய் என்று பேச்சு. அதில் 1,500 ரூபாய் முன்பணமாக வந்தது. பையன் பென்சிலில் வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "நன்றாயிருக்கிறது" என்று பதில் வந்தது. அந்த ஒரு சொல்லை நம்பிக் கிராஃப் காகிதத்தில் கட்டம் கட்டமாக நிரப்பி, அதையும் பார்வைக்கு அனுப்பிவிட்டு, அட்டை குத்தும் வேலையையும் முடித்தார். அதன் பிறகே கடைக்காரரின் தமையனார் சித்திரத்தைப் பார்த்தார். தோகை இன்னும் நீளமாக இருக்கலாம் என்றார். தோகை நீண்ட பின், மயில் எல்லாக் கடையிலும் இருக்கிறது, யானை போடலாம் என்றார்கள். யானை வந்த பின், கரை நான்கு அங்குலம் போதாது, ஆறு அங்குலம் வேண்டும் என்றார்கள். நான்கரை மாதம் இப்படிக் கழிந்தது. முகூர்த்த காலமும் கடந்தது. "இப்போதைக்கு வேண்டாம், தம்பி" என்று சொல்லிவிட்டார்கள். மறு வருஷம் அந்தக் கடையின் கண்ணாடிப் பெட்டியில் ஒரு சேலை தொங்கியது. அதில் இருந்தது அவர் முதலில் வரைந்த மயில்தான்.

நாம் இருவர் அவருடன் அக்கடைக்குச் சென்றோம். கடைக்காரர் மரியாதையாக வரவேற்று, காப்பி வரவழைத்துக் கொடுத்தார். "இதுதான் முடிவு என்று நான் எப்போதாவது சொன்னேனா, தம்பி? நன்றாயிருக்கிறது என்றேன். இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். அவ்வார்த்தையில் பொய் இல்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. சேலையைப் பற்றிக் கேட்டதற்கு, படம் அனுப்பியதே நீர்தானே என்றார். அன்று மேற்கொண்டு 2,000 ரூபாய் பெற்றுத் திரும்பினோம். பஸ்ஸில் வழி நெடுகப் பையன் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இவ்விவகாரத்தில் நமக்கு முதலில் தெரியவந்தது என்னவெனில், சித்திரக்காரரும் வாடிக்கைக்காரரும் ஒரே காகிதத்தைப் பார்த்தாலும் ஒரே பொருளைப் பார்ப்பதில்லை. வரைந்தவர் கண்ணுக்குப் பென்சில் படம் முடிந்த சேலையாகவே தோன்றுகிறது. கேட்பவர் கண்ணுக்கோ அது வெறும் ஆரம்பம். பென்சில் கோட்டை மாற்ற ஒரு நிமிஷம். கிராஃப் காகிதத்தில் மாற்ற ஒரு நாள். அட்டை குத்திய பின் மாற்ற ஒரு வாரம். இந்தக் கணக்கு நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஜக்கார்டு அட்டை ஒன்று துணியின் குறுக்கே ஓடும் ஓர் ஊடைக்கு உரியது. அதில் மயிலின் ஒரு கோடும், பக்கத்துக் கொடியின் ஒரு கோடும் சேர்ந்தே குத்தப்பட்டிருக்கின்றன. ஆகையால் மயிலை மட்டும் தனியே எடுத்துவிட இயலாது. மயில் நின்ற உயரம் முழுவதற்கும் அட்டைகளைப் புதிதாகக் குத்த வேண்டும். கரையை இரண்டு அங்குலம் அகலமாக்கினால் பாவின் இழைக்கணக்கே மாறிவிடும். இதையெல்லாம் கடைக்காரரின் தமையனாருக்கு யாரும் சொல்லவில்லை. "பறவையை எடுத்துவிட்டு விலங்கைப் போடு" என்பது அவருக்குச் சுலபமான வார்த்தையாகவே இருந்திருக்கும். பயிரிடும் அங்கத்தினர்களுக்கு இது எளிதில் விளங்கும். நாற்று நட்ட பின் ரகத்தை மாற்றச் சொல்பவர் எவரும் இல்லை. ஏனெனில் வயல் கண்ணுக்குத் தெரிகிறது. சித்திரக்காரரின் நாற்று கண்ணுக்குத் தெரிவதில்லை.

இத்தொல்லை இன்று புதிதாகத் தோன்றியதன்று. இத்தாலி தேசத்து ஃப்ளாரன்ஸ் நகரில், ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்துவந்த விடுதியின் நிர்வாகி, 1485-ஆம் ஆண்டில் டொமெனிக்கோ கிர்லாண்டாயோ என்ற ஓவியரிடம் ஒரு பெரிய படத்தை ஒப்படைத்தார். குழந்தை இயேசுவைக் கீழ்த்திசை ஞானியர் வணங்கும் காட்சி அது. அவ்விருவரும் செய்துகொண்ட உடன்படிக்கை இன்றும் படிக்கக் கிடைக்கிறது. விலை 115 ஃப்ளோரின் என்றும், முப்பது மாதத்துக்குள் முடித்துக் கொடுப்பதென்றும், மாதம் 3 ஃப்ளோரின் கொடுத்துவருவதென்றும், முன்னரே காகிதத்தில் வரைந்து காட்டிய படத்தை ஒட்டியே தீட்டுவதென்றும் அதில் கண்டிருக்கிறது. எல்லாவற்றிலும் நம் கவனத்தைக் கவர்வது நீல நிறத்தைப் பற்றிய ஷரத்து. நீலம் அவுன்ஸ் ஒன்றுக்குச் சுமார் 4 ஃப்ளோரின் பெறுமான அல்ட்ராமரீனாக இருத்தல் வேண்டும் என்று விலையைச் சொல்லியே தரத்தை நிர்ணயித்திருக்கிறார்கள். அந்த நீலம் ஆப்கானிஸ்தானத்து மலைகளில் வெட்டியெடுத்த கல்லை அரைத்துச் செய்தது. அதைவிட மலிவான நீலங்களும் உண்டு. நம்மிடையே ஜரிகை விஷயத்தில் இதே நிலைமைதான். வெள்ளிக் கம்பிக்குப் பொன் முலாம் பூசியதும் ஜரிகை, பிளாஸ்டிக் இழையில் மினுமினுப்பு ஏற்றியதும் ஜரிகை என்றே கடையில் வழங்குகிறது. "நல்ல ஜரிகை" என்று மட்டும் எழுதிவைத்தால் பின்னர் யார் எதைச் சொன்னாலும் செல்லும்.

அவ்வுடன்படிக்கையில் குறையும் உண்டு. வேலை முடிந்த பின் அது 115 ஃப்ளோரின் பெறும் என்று நிர்வாகிக்குத் தோன்றினால்தான் முழு விலை. வேறு எவரிடமும் அபிப்பிராயம் கேட்டு, குறைவாகத் தோன்றினால் குறைத்துக் கொடுக்கவும் அவருக்கு அதிகாரம் இருந்தது. அக்காலத்து ஓவியர் இதற்குச் சம்மதித்தார் என்பதால் நாமும் சம்மதிக்க வேண்டியதில்லை. ஆனால் தவணை ஏற்பாட்டைப் பாருங்கள்: முப்பது மாதத்துக்கு 90 ஃப்ளோரின் முன்னதாகவே கைக்கு வந்துவிடும், சச்சரவு எழுந்தாலும் எஞ்சிய 25-ஐப் பற்றித்தான் எழும். படம் 1488-இல் முடிந்தது. இன்றும் அந்த விடுதிக் கட்டடத்திலேயே இருக்கிறது.

இதற்கு நேர்மாறான கதையும் ஒன்று உண்டு. அதில் குற்றம் பெரிதும் ஓவியருடையதே என்பது நம் அபிப்பிராயம். லண்டனில் வசித்த அமெரிக்க ஓவியர் விஸ்லர் என்பவரிடம், கப்பல் முதலாளியான லேலண்ட், தம் வீட்டுச் சாப்பாட்டு அறையின் கதவுகளுக்கும் பலகைகளுக்கும் எந்த நிறம் பொருந்தும் என்று யோசனை கேட்டார். அது 1876-ஆம் ஆண்டு. லேலண்ட் வியாபார நிமித்தமாக லிவர்ப்பூலில் இருந்த காலத்தில், விஸ்லர் சுவர்களில் ஒட்டியிருந்த விலையுயர்ந்த பழைய தோல் முழுவதையும் நீல வண்ணத்தால் மூடி, அதன்மேல் பொன்னிறத்தில் மயில்களைத் தீட்டினார். திரும்பி வந்தவரிடம் 2,000 கினி கேட்டார். லேலண்ட் அதில் பாதிக்குமேல் தர மறுத்து, அதையும் கினியாக அல்லாமல் பவுனாக, அதாவது 1,000 பவுனாகக் கொடுத்தார். கினிக்கு 21 ஷில்லிங், பவுனுக்கு 20. கலைஞருக்குக் கினிக்கணக்கிலும் கடைச் சாமானுக்குப் பவுன் கணக்கிலும் கொடுப்பது அந்நாட்டு வழக்கமாதலால், அந்த ஒரு ஷில்லிங் வித்தியாசம் விஸ்லரை மிகவும் புண்படுத்தியது. அவர் அவ்வறையிலேயே இரண்டு மயில்கள் சண்டையிடுவதாகத் தீட்டி, ஒன்றின் காலடியில் வெள்ளிக் காசுகளைச் சிதறவிட்டார். இருவருடைய நட்பும் முறிந்தது. 1879-இல் விஸ்லர் கடனில் மூழ்கி திவாலானார். அறை முழுவதும் பிற்காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டு, இன்று வாஷிங்டன் நகரில் ஃப்ரியர் காட்சிசாலையில் இருக்கிறது. அதன் அழகைப் பற்றி இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் கேட்கப்படாத வேலையைச் செய்துவிட்டு அதற்கு விலை கேட்டவர், எதிரில் இருப்பவரைச் சண்டைக்காரராக்கியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? "உம் இஷ்டம்" என்ற வார்த்தையைக் கேட்டதும் உற்சாகத்தில் இரண்டு பங்கு வேலை செய்யும் பழக்கம் நம் பிள்ளைகளிடமும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இக்கதையை எடுத்தோம்.

ஆகவே, பென்சிலைத் தொடுவதற்கு முன் ஒரு காகிதம் எழுதிக்கொள்வது அவசியமாகிறது. முத்திரைத்தாளோ வக்கீலோ வேண்டியதில்லை. ஒரு பக்கம் போதும். என்ன பொருள், எத்தனை அளவு, எந்தத் தறிக்கு, எத்தனை கொக்கி ஜக்கார்டுக்கு, எந்தத் தேதிக்கு, என்ன கூலி என்பவை எல்லோரும் எழுதக்கூடியவையே. பலர் எழுத மறப்பது வேறு: முடிவு சொல்ல வேண்டியவர் யார் என்பதுதான் அது. கல்யாண ஆர்டரில் பெண்ணுக்கு ஒரு விருப்பம், அத்தைக்கு ஒரு விருப்பம், வெளிநாட்டிலிருக்கும் அண்ணனுக்கு ஒரு விருப்பம். இவர்கள் எல்லோரும் அபிப்பிராயம் சொல்லலாம்; அதைத் தடுக்க நம்மால் ஆகாது. ஆனால் "சரி" என்று எழுதிக் கையெழுத்திடுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும், அவர் பெயர் காகிதத்தில் முதலிலேயே இருக்க வேண்டும். நாம் சொன்ன பையனின் விவகாரத்தில் அந்தத் தமையனாரின் பெயர் முதல் நாளே தெரிந்திருந்தால், பென்சில் படம் அவருக்கே முதலில் போயிருக்கும். யானையும் பென்சிலிலேயே வந்திருக்கும்.

அடுத்தது, மாறுதல்கள் எத்தனை என்பது. மாறுதலே கூடாது என்பது நியாயமல்ல. தமக்கு என்ன வேண்டும் என்பது பலருக்கு ஒன்றைக் கண்ணால் பார்த்த பின்னரே தெரிகிறது. அதைக் குற்றமாகக் கருதலாகாது. பென்சில் நிலையில் இரண்டு முறை திருத்தம் கூலிக்குள் அடக்கம், மூன்றாவது திருத்தத்துக்கு இன்ன தொகை, கிராஃப் காகிதத்துக்குப் போன பின் திருத்தத்துக்கு இன்ன தொகையும் இத்தனை நாளும், அட்டை குத்திய பின் புதிய வேலையாகவே கணக்கு என்று எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு நிலை முடிந்ததும், "இந்தப் படத்தை ஏற்றுக்கொள்கிறேன், அடுத்த வேலைக்குப் போகலாம்" என்ற வாசகத்தையே வாடிக்கைக்காரர் எழுதி அனுப்ப வேண்டும். "நன்றாயிருக்கிறது", "சூப்பர்", கைகூப்பும் பொம்மை ஆகியவை சம்மதமாகா. கணினியில் வரைபவர்களுக்கும் இது பொருந்தும். கணினியில் திருத்துவது சுலபம் என்று வாடிக்கைக்காரர் எண்ணுவதால், அவர்களுக்கு இது இன்னும் அவசியம் என்றே சொல்வோம்.

நிறத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஏனெனில் நம் தொழிலில் எழும் சச்சரவுகளில் அதன் பங்கு பெரிது. மயில்கழுத்து என்று நாம் சொல்லும் நிறம் ஒரே சாயத்தில் வருவதன்று. பாவு ஒரு நிறம், ஊடை வேறொரு நிறம்; துணியை மடித்து அசைக்கும்போதுதான் அது தோன்றுகிறது. இதைத் தொலைபேசியின் படத்தில் காட்ட எவராலும் முடியாது. ஒரே படம் இரண்டு தொலைபேசிகளில் இரண்டு விதமாகத் தெரிவதையும் நாம் பார்க்கிறோம். "நான் பார்த்தது பச்சை, வந்தது நீலம்" என்று வாடிக்கைக்காரர் சொல்லும்போது, அவர் கண்டது உண்மையிலேயே பச்சையாக இருந்திருக்கலாம். பரிகாரம் பழையதே: சாயமிட்ட நூலில் ஒரு சிறு துண்டை இரண்டாக வெட்டி, இரண்டு காகிதங்களிலும் கட்டி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும். காலை வெளிச்சத்தில் ஒரு முறை, விளக்கொளியில் ஒரு முறை பார்க்கச் சொல்ல வேண்டும். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் மாதிரி காட்டி விற்பதைத் தனியாகக் குறிப்பிட்டு, சரக்கு மாதிரியோடு தரத்தில் ஒத்திருக்க வேண்டும் என்றும், ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்குத் தகுந்த சந்தர்ப்பம் அளிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. தபாலில் நூல் அனுப்ப ஆகும் செலவு அற்பம்.

இவ்வளவும் செய்த பின்னரும் சிலர் சிரமம் கொடுப்பார்கள். அப்போது எப்படிப் பேசுவது? இரவு பத்து மணிக்கு வரும் கோபமான செய்திக்கு இரவு பத்தே காலுக்குப் பதில் எழுதலாகாது. காலையில் எழுதலாம், ஒரு நாளில் எதுவும் கெட்டுவிடாது. பதிலில் நம் உழைப்பைப் பற்றி எழுதுவதால் பயன் இல்லை. கண் விழித்தேன், முதுகு வலித்தது என்பதெல்லாம் உண்மையே எனினும், கேட்பவருக்கு அது குறை சொல்வதாகவே படும். காகிதத்தில் கண்டதைச் சொல்லி, இரண்டு வழிகளை அவர் முன் வைப்பதே உத்தமம். "தாங்கள் ஏற்றுக்கொண்ட படத்தின்படி வேலை கிராஃப் நிலையில் உள்ளது. தாங்கள் இப்போது கேட்கும் மாறுதலைச் செய்வதானால் ஆறு நாளும் 1,200 ரூபாயும் கூடுதலாக ஆகும். செய்யாவிட்டால் குறித்த தேதியில் முடியும். எது உசிதம் என்று வியாழக்கிழமைக்குள் தெரிவிக்கக் கோருகிறோம்" என்று எழுதினால், அதில் சண்டைக்கு இடமில்லை. முடிவு அவருடையதாகிறது. பெரும்பாலோர் மாறுதலைக் கைவிடுவார்கள். சிலர் பணம் கொடுத்து மாற்றிக்கொள்வார்கள். இரண்டும் நமக்குச் சம்மதமே. தொலைபேசியில் பேச வேண்டி வந்தால் பேசலாம். பேசி முடித்ததும், "இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது" என்று நாலு வரி எழுதி அனுப்பிவிட வேண்டும். தவறு நம் பக்கம் இருந்தால் உடனே ஒப்புக்கொண்டு, சொந்தச் செலவில் திருத்தித் தருவது முறை. பெயரில் ஓர் எழுத்து தப்பிப்போன அட்டைக்கு வாடிக்கைக்காரரிடம் பணம் கேட்ட ஒருவரையும் நாம் அறிவோம். அவருக்காகப் பரிந்து பேச நம்மால் இயலவில்லை.

பணம் வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் அங்கத்தினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கூலியை மூன்று பங்காக்கி, தொடங்கும்போது ஒன்று, பென்சில் படத்தை ஏற்கும்போது ஒன்று, முடிந்த கிராஃப் கைமாறும்போது ஒன்று என்று வாங்கினால், எப்போது நின்றாலும் நஷ்டம் ஒரு பங்குக்கு மேற்போகாது. அதுவரை பார்வைக்கு அனுப்பும் படங்கள் சிறியவையாகவும், குறுக்கே பெயர் எழுதியவையாகவும் இருக்கட்டும். நெய்வதற்குப் போதுமான தெளிவுள்ள கிராஃபைப் பணம் வருமுன் அனுப்பியதுதான் அந்தப் பையன் செய்த பெரிய பிழை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற குறுந்தொழில், சிறுதொழில் செய்பவருக்கு, வாங்கியவர் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். அத்தேதி எவ்வகையிலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. பொருளைப் பெற்ற 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாகச் சேரும். இதைக் கோர மாநில அரசு அமைத்துள்ள வசதிப்படுத்தும் கவுன்சிலில் மனுக் கொடுக்கலாம். 2020-ஆம் ஆண்டு ஜூலை முதல் உத்யம் என்ற பெயரில் நடந்துவரும் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. சச்சரவு வந்த பின் பதிவு செய்வது பயன்படாமற் போகலாம். ஆகையால் முதல் ஆர்டருக்கு முன்னரே செய்துகொள்வது நலம். சிவில் கோர்ட்டில் செய்த வேலைக்குக் கூலி கேட்பதானால், வேலை முடிந்ததிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும்.

படம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில் பலர் ஏமாந்துபோகிறார்கள். வரைந்தவருக்கே சொந்தம் என்று பொதுவாக நினைக்கிறோம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று வரைந்து கொடுத்த ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். 2000-ஆம் ஆண்டின் டிசைன் சட்டமும் பணம் கொடுத்து வரைவித்தவரையே டிசைனின் உடைமையாளராகக் கொள்கிறது. "வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்ற சொற்களில்தான் நம் பாதுகாப்பு இருக்கிறது. இந்தக் கூலி இத்தனை சேலைகள் நெய்வதற்கு மட்டும், அதற்கு மேல் நெய்தால் சேலைக்கு இவ்வளவு, டிசைன் வரைந்தவரிடமே இருக்கும், முழுப் பணம் வரும்வரை எந்த உரிமையும் மாறாது என்று ஓரிரு வரி காகிதத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உரிமை கைமாறிய பின்னும் கலைஞருக்கு மிச்சமிருப்பது ஒன்று உண்டு. அமர்நாத் சேகல் என்ற சிற்பியிடம் 1957-இல் மத்திய அரசு, புது டெல்லி விஞ்ஞான் பவனுக்கு வெண்கலத்தில் ஒரு பெரிய சுவர்ச்சிற்பம் செய்யச் சொன்னது. அது 1962-இல் முடிந்தது. 1979-இல் கட்டடத்தைப் புதுப்பித்தபோது, அவரைக் கேளாமலே அதைக் கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். 2005-இல் டெல்லி உயர்நீதிமன்றம், படைப்பு விற்கப்பட்ட பின்னும் அதன் மேல் கலைஞருக்குள்ள சிறப்புரிமை அழிவதில்லை என்று கூறி, எஞ்சிய சிற்பத்தைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கவும் தீர்ப்பளித்தது. எதிரே நின்றது சர்க்கார். ஆயினும் அவர் விடவில்லை. இருபத்தாறு ஆண்டு காத்திருக்க எல்லோராலும் இயலுமா என்பது வேறு விஷயம்.

சில ஆர்டர்களை ஏற்காமலிருப்பதே நல்லது. வேறொரு கடையின் சேலையைப் படம் பிடித்து அனுப்பி, அப்படியே வரைந்து கொடு என்பவர், நாளை நம் படத்தையும் இன்னொருவரிடம் அவ்வாறே அனுப்புவார். காகிதம் எழுதலாம் என்றதும் "நம்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கோபிப்பவரிடம், நம்பிக்கை இருப்பதால்தான் எழுதிக் கேட்கிறோம் என்று சொல்லிப் பார்க்கலாம், அதற்கும் இணங்காவிட்டால் வணக்கம் சொல்லி விடைபெறலாம். பாதியில் நிறுத்த நேர்ந்தால், பெற்ற பணத்துக்கு உரிய வேலையைக் கொடுத்துவிட்டு, இன்னது கொடுத்தோம், இன்னது பாக்கி என்று எழுதி விலகுவது கௌரவம்.

நாம் மேலே சொன்ன பையன் இப்போது சங்க அலுவலகத்தில் தட்டச்சிட்ட ஒரு பக்கக் காகிதத்தைத்தான் உபயோகிக்கிறார். இவ்வாண்டு தை மாதக் கல்யாணம் ஒன்றுக்கு அவரிடம் முந்தி டிசைன் கேட்டவர்களின் வீட்டில், அட்டை குத்திய பிறகு, பெண்ணின் பாட்டியார் அன்னத்துக்குப் பதில் கிளி வேண்டும் என்றாராம். ஒன்பது நாளும் 3,000 ரூபாயும் கூடுதலாக ஆகும் என்று அவர் எழுதி அனுப்பினார். கையெழுத்திட்டிருந்த பெண்ணின் தகப்பனார் இரண்டு நாள் கழித்து, அன்னமே இருக்கட்டும், பாட்டிக்கு நாங்கள் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம் என்று பதில் எழுதினார். மூன்றாம் தவணை கிராஃப் கைமாறிய அன்றே வந்து சேர்ந்தது. அக்காகிதத்தின் பிரதி வேண்டும் அங்கத்தினர்கள் அலுவலக நேரத்தில் வந்து பெற்றுக்கொள்ளலாம்.